எறும்பு கொடுத்த ஆசிட்



கித்தாப் பாலை உறைய வைக்க ஸ்டோரில் ஊற்றிய ஆசிட்டை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் பூர்வீகம் தெரியுங்களா? எறும்பு! எறும்புகளைக் காய்ச்சி வடித்தால் புளிப்பு நீர் இறங்குவதை 1671-இல் ஜான் ரே என்ற ஆங்கிலேயர் எழுதி வெளியிட்டார். லத்தீன் மொழியில் எறும்புக்கு 'ஃபார்மிகா' என்று பெயர். அதனால்தான் இது ஃபார்மிக் ஆசிட். முசுறு கடித்த இடம் எரிவதும் இதனால்தான்.

அமிலம் தண்ணீரில் கரையும்போது நடப்பது என்ன? மின்னூட்டமுள்ள அயனிகளாகப் பிரிகிறது என்று 1884-இல் ஆய்வேடு எழுதினார் சுவீடன் நாட்டு இளைஞர் அர்ரேனியஸ். உப்சாலா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் குறைந்த தரமே போட்டார்கள். அதே மனிதருக்கு 1903-இல் நோபல் பரிசு! மார்க் குறைந்த பிள்ளையைத் திட்டும் அப்பாமார்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கணும்.

அமிலத்திலிருந்து பிரியும் ஹைட்ரஜன் அயனிதான் புளிப்புக்குக் காரணம். அதை அளக்க 1909-இல் பி.எச். என்ற அளவுகோலைத் தந்தவர் சோரன்சன். கோப்பன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். சுத்தத் தண்ணீருக்கு 7. ஓர் எண் இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு ஏறும்.

லிட்டருக்கு 0.1 மோல் கரைத்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் முழுதும் பிரிந்துவிடும்; பி.எச். 1. ஃபார்மிக் அமிலத்தில் நூற்றுக்கு நான்கு மூலக்கூறுதான் பிரியும்; பி.எச். சுமார் 2.4. இரண்டிலும் பத்து மடங்கு தண்ணீர் கலந்தால், முன்னது 2-க்கு ஏறும். பின்னதோ சுமார் 2.9-தான், ஏனென்றால் இப்போது நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேல் பிரிகிறது. இந்தக் கணக்கை 1888-இல் விதியாக்கியவர் ஆஸ்ட்வால்ட்.

புதுப்பாலின் பி.எச். 7-க்குப் பக்கம். ரப்பர்த் துகள்கள் எதிர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். ஆசிட் அந்த மின்னூட்டத்தைப் போக்கியதும், பி.எச். 5-ஐ ஒட்டி, எல்லாம் ஒட்டி உறையும். கந்தக அமிலமும் பாலை உறைய வைக்கும். ஆனால் அது ஷீட்டில் தங்கினால் ரப்பரைக் கெடுத்துவிடும்.

இதை 'வீரியம் குறைந்த அமிலம்' என்று புத்தகத்தில் படிக்கும் பிள்ளைகள் ஏமாந்துவிடக் கூடாது. வீரியம் வேறு, செறிவு வேறு. தண்ணீர் கலக்காத ஃபார்மிக் ஆசிட் தோலைப் பொசுக்கும், கண்ணைக் கெடுக்கும். ஆசிட்டைத்தான் தண்ணீரில் ஊற்றணும். தண்ணீரை ஆசிட்டில் ஊற்றக் கூடாது. மேலே பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவி, டாக்டரிடம் காட்டுங்கள்.