வில்லும் துவக்கும்: ஈழத்துக் காடுகளில் மான் வேட்டை

ஈழநாட்டு வரலாற்றின் பெருந்திருப்பங்களுள் ஒன்று ஒரு மான் வேட்டையிலே தொடங்கியதாக மகாவமிசம் கூறுகின்றது. கிறித்துவுக்கு முன் 3ஆம் நூற்றாண்டிலே, அநுராதபுரத்தை ஆண்ட தேவநம்பியதீசன் வேட்டையாடும் பொருட்டு மிகிந்தலை மலைச்சாரலுக்குச் சென்றான். ஆங்கே மேய்ந்துகொண்டிருந்த ஒரு மானைக் கண்டான். தன்னை அறியாது நிற்கும் விலங்கைக் கொல்லுதல் தகாது என்று எண்ணி, வில்லின் நாணைத் தெறித்து ஒலியெழுப்பினான். மான் ஓட, மன்னன் பின்தொடர, அம்மலையிலே மகிந்த தேரரைச் சந்தித்தான் என்பது கதை. பௌத்தம் இந்நாட்டுக்கு வந்த வரலாற்றைச் சொல்லும் இக்கதையுள் வேட்டைக்காரனின் அறம் ஒன்றும் பொதிந்து கிடக்கின்றது. கொல்லப்படும் உயிருக்கும் தப்பிப் பிழைக்க ஒரு வாய்ப்பு உண்டு என்பதே அவ்வறம். இலங்கையின் மான் வேட்டை வரலாறு முழுவதையும் இந்த ஓர் அளவுகோலினால் அளந்து பார்க்கலாம்.

வேட்டையின் வரலாற்றை அறியுமுன் வேட்டைக்கு இலக்கான விலங்குகளை அறிதல் வேண்டும். வன்னியிலும் கிழக்கிலும் தென்கீழ்ப் புறத்திலும் குளங்களின் அலைகரைகளிலே கூட்டங் கூட்டமாக மேய்வது புள்ளிமான். அதனினும் பெரிது மரை. வளர்ந்த ஆண் மரை 200 கிலோவுக்கும் மேற்பட்ட நிறையுடையதாதல் உண்டு. வரண்ட காடுகளிலும் மலைநாட்டின் குளிர்ந்த புல்வெளிகளிலும் அது வாழ்கின்றது. நாயைப் போலக் குரலெழுப்பும் குரைக்கும் மான் தனித்துத் திரியும் இயல்பினது. முயலினும் சற்றே பெரிய சருகுமானுக்குக் கொம்பில்லை. மானெனப் பெயர் பெற்றிருப்பினும் உயிரியல் அறிஞர் அதனை வேறு குடும்பத்திலே சேர்ப்பர்.

இவ்விலங்குகளை மனிதன் தேடித்திரிந்த காலம் மிகப் பழையது. களுத்துறை மாவட்டத்திலுள்ள பாகியன் குகையிலே கிடைத்த எலும்பு முனைகளை ஆராய்ந்தோர், அவற்றுட் சில ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அம்பு முனைகள் என்று 2020ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். ஆயினும் மழைக்காட்டிலே வாழ்ந்த அம்மக்கள் மானை விடக் குரங்கையும் மரவணிலையுமே மிகுதியாக வேட்டையாடினர் என்பதை அக்குகையின் எலும்புகள் காட்டுகின்றன. திறந்த வெளியும் நீர்நிலையும் கலந்த வரண்ட வலயமே மானுக்கு ஏற்ற நிலம். ஆகவே மான் வேட்டையின் தாயகமும் அதுவே ஆயிற்று.

அந்நிலத்தின் முதல் வேட்டைக்காரர் வேடர். அவர்களை அறியாத தமிழர் இலர். மான் வயிற்றிற் பிறந்து வேடர் குலத்திலே வளர்ந்தவள் வள்ளி என்றும், மானைத் தேடிவந்த வேட்டுவனைப் போல முருகன் அவள் முன் தோன்றினான் என்றும் கந்தபுராணம் கூறும். கதிர்காமத்தை வழிபடுவோர் அக்கதையை இந்நாட்டுக் காட்டோடு இணைத்தே நினைக்கின்றனர். திருகோணமலை, மட்டக்களப்பு மாவட்டங்களின் கரையோர வேடர் தமிழையே தமது பேச்சுமொழியாகக் கொண்டவர்.

வேடரின் கருவிகள் எளியவை. ஆளுயரத்துக்குக் குறையாத ஒரு வில், மரப்பட்டையை முறுக்கிச் செய்த நாண், பறவையிறகு கட்டிய சில அம்புகள், ஒரு சிறு கோடரி ஆகியவையே அவர்தம் செல்வம். இரும்பு முனையை மாத்திரம் வெளியாரிடமே பெறவேண்டியிருந்தது. அதனை அவர்கள் பெற்ற முறையைப் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் எழுதிவைத்துள்ளார். கொட்டியாரத்திலே 1660ஆம் ஆண்டு சிறைப்பட்டு, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்திலே வாழ்ந்து, 1679இல் தப்பியோடிய இவருடைய நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது. வேடர் இரவிலே கொல்லனுடைய பட்டறைக்கு வந்து இறைச்சியைத் தொங்கவிட்டு, வேண்டிய அம்பு முனையின் வடிவிலே வெட்டிய ஓர் இலையையும் அதனருகே வைத்துச் செல்வர். கொல்லன் அவ்வாறே செய்து வைத்தால் மேலும் இறைச்சி கொணர்ந்து கொடுப்பர். செய்யாவிடின் இரவிலே அவன்மீது அம்பு பாயும். ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே நடந்த வாணிகம் இது.

இறைச்சியைக் காக்கும் முறையையும் நொக்ஸ் குறித்துள்ளார். மரப்பொந்திலே தேனை ஊற்றி, இறைச்சியை அதனுள் நிரப்பி, வாயைக் களிமண்ணால் அடைத்து, பஞ்ச காலத்துக்கென விட்டுவைப்பராம். தேனின் மிகுந்த இனிப்பு இறைச்சியின் நீரை உறிஞ்சிவிடுதலால், அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் அதிலே பெருக மாட்டா. விஞ்ஞானம் பிற்காலத்திலே விளக்கியதை வேடர் தம் அனுபவத்தால் அறிந்திருந்தனர். வெயிலிலும் புகையிலும் உலர்த்தி இறைச்சியை வத்தலாக்கும் முறையும் காட்டோரக் கிராமங்களிலே நெடுங்காலம் வழங்கியது.

இந்த நூற்றாண்டுகளின் பழக்கத்தை முறையாக ஆராய்ந்து 1911இல் நூல் வெளியிட்டவர்கள் செலிக்மன் தம்பதியர். வேட்டையிற் கிடைத்த இறைச்சி, கொன்றவனுக்கு மாத்திரம் உரியதன்று, கூட்டத்தார் யாவரும் பகிர்ந்துண்ணுதற்கு உரியது என்பதை அவர்களுடைய குறிப்புக்களால் அறிகின்றோம். கண்டே யக்கா என்னும் ஆவி வாழ்ந்த காலத்திலே பெரும் வேட்டைக்காரனாக விளங்கியவன் என்பது வேடர் நம்பிக்கை. தேங்காய்ப்பால் நிறைந்த கலத்தைச் சுற்றி அம்பேந்தி ஆடி, வேட்டை வாய்க்க வேண்டும் என்று அவனை வேண்டுவர். காட்டின் வளத்தைத் தானாக உரிமை கொள்ளாது, கேட்டுப் பெறும் பொருளாக அவர் எண்ணினர்.

கிராமத்து வேட்டைக்காரனின் அறிவு காற்றிலே தொடங்குகின்றது. மானின் கண்ணை ஏமாற்றலாம். மூக்கை ஏமாற்ற முடியாது. ஆதலின் ஒரு சிட்டிகை சாம்பலையோ புழுதியையோ விரல்நுனியால் உதிர்த்து, அது செல்லும் திசையைப் பார்த்து, காற்றுக்கு எதிர்முகமாகவே அவன் நடப்பான். அடுத்தது தடம். குளம்பின் விளிம்பு கூராக இருப்பின் மான் அண்மையிற் சென்றது. விளிம்பு உதிர்ந்து, அதன்மேல் சிலந்தி நூலோடியிருப்பின் அத்தடம் பழையது. புழுக்கையின் ஈரமும், கடித்த புல்லின் பசுமையும், மரத்திலே கொம்பு உரைஞ்சிய தழும்பும் அவனுக்கு எழுத்துக்களே.

காட்டின் குரல்களையும் அவன் கற்றிருந்தான். மரத்தின் மேலிருந்து மந்திகள் உதிர்க்கும் தளிரையும் பழத்தையும் உண்ணுதற்குப் புள்ளிமான்கள் கீழே கூடுவது வழக்கம். மந்தி அபாயக் குரல் எழுப்பினால் மான் தலைநிமிரும். மான் குரல் கொடுத்தால் மந்தி விழிப்படையும். இவ்விரண்டையும் கலைக்காமல் அணுகுபவனே தேர்ந்த வேட்டைக்காரன். பாலைப்பழம் உதிரும் காலத்தில் எந்த மரத்தடியில் மான் வரும், கோடையிலே மோட்டைகள் வற்றும்போது எந்த நீர்நிலை எஞ்சும் என்பன தந்தையிடமிருந்து மகன் அறிந்த பாடங்கள். சேனைப் பயிரை இரவிலே மேயவரும் மானையும் மரையையும் காப்புப் பரணிலிருந்து எதிர்பார்த்தலும் உண்டு. அங்கே வேட்டையும் பயிர்க்காவலும் ஒன்றாயின.

துவக்கு வந்தபின் இவ்வறிவு குன்றிவிடவில்லை. பழைய துவக்கின் குழலுக்குள் வாய்வழியாக வெடிமருந்தைக் கொட்டி, தேங்காய்த் தும்பை வைத்து, நீண்ட கோலினால் இடித்து இறுக்கி, ஈயச் சன்னங்களை இட்டு, மீண்டும் தும்பினால் அடைத்தல் வேண்டும். பின்புறத்திலே சிறு செப்புத் தொப்பியைப் பொருத்திய பின்னரே அது வெடிக்கத் தயாராகும். ஒரு வெடி தீர்ந்தால் மறு வெடிக்கு நேரம் செல்லும். அதற்குள் மான் காடேறிவிடும். எனவே மிக அருகிலே சென்று ஒரே வெடியில் வீழ்த்தும் திறமை இன்றியமையாததாயிற்று. கருவியின் குறையே மானுக்குக் காவலாக அமைந்தது எனலாம்.

இரவு வேட்டைக்கு வட மாகாணத்தார் எருமையைப் பழக்கிய விதத்தை, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கே குடியேற்றச் செயலாளராக இருந்த எமேசன் தெனன்ற் விவரித்துள்ளார். பழகிய எருமையின் கழுத்திலே மணியைக் கட்டி, ஒரு பக்கம் திறந்த பெட்டியை அதன் முதுகிலேற்றி, அதனுள்ளே விளக்கேற்றி, மெல்லக் காட்டினுள் நடத்துவர். துவக்கேந்தியோர் இருண்ட பக்கத்திலே மறைந்து செல்வர். மணியொலியால் திகைத்தும் ஒளியால் மயங்கியும் விலங்குகள் நெருங்கி வரும். மானின் விழித்திரைக்குப் பின்னே ஒளியைத் திருப்பும் படலம் ஒன்று உண்டு. இருளில் அதன் கண்கள் தணல்போல மின்னுவதற்குக் காரணம் அதுவே. பிற்காலத்தில் மின்கல விளக்கு வந்தபோது, இந்தப் பழைய உத்தி பன்மடங்கு கொடியதாயிற்று.

ஆங்கிலேயர் ஆட்சியிலே வேட்டை பசிக்காகவன்றிப் பொழுதுபோக்குக்காகவும் நடந்தது. நுவரெலியாவில் 1848இல் குடியேறிய சாமுவேல் பேக்கர், நாய்க்கூட்டத்தைக் கொண்டு மரையைத் துரத்தி, நெருங்கிநின்று கத்தியாற் கொல்லும் வேட்டையிலே பேரார்வம் கொண்டவர். அவ்வேட்டைகளை நூலாகவும் எழுதினார். மரைக்கு ஐரோப்பிய விலங்கொன்றின் பெயரை இட்டு ‘எல்க்’ என்று அவர்கள் அழைத்தமை, அந்நிலத்தின் அறிவு அவர்களுக்கு எட்டாமையைக் காட்டும்.

இதனினும் பெரிய அழிவு வாணிகத்தால் விளைந்தது. தோலுக்கும் கொம்புக்கும் வத்தலுக்கும் சந்தை பெருகவே, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலே மான்கள் கணக்கின்றிக் கொல்லப்பட்டன. அது கண்டு 1894ஆம் ஆண்டிலே வேட்டை விலங்குகள் பாதுகாப்புச் சங்கம் ஒன்று நிறுவப்பட்டது. 1900ஆம் ஆண்டில் யால காடு ஒதுக்கப்பட்டது. அதன் முதற் காவலராக விளங்கிய எங்கல்பிரெக்ற், போயர் யுத்தத்திலே சிறைப்பட்டு இந்நாட்டுக்குக் கொணரப்பட்டவர்.

ஆயினும் இப்பாதுகாப்பினுள்ளே ஒரு முரண்பாடு இருந்தது. சங்கத்தை நிறுவியோரும் வேட்டைப்பிரியரே. யாலவின் ஒரு பகுதி, அனுமதி பெற்ற வேட்டைப்பிரியருக்கென விடப்பட்டிருந்தது. கட்டணம் செலுத்திச் சுட்டவர் கனவானாகவும், பசிக்குச் சுட்ட கிராமத்தவர் கள்ள வேட்டைக்காரராகவும் எண்ணப்பட்டனர். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வூல்ஃப், 1913இல் வெளியிட்ட நாவலிலே சிலிந்து என்னும் வேட்டைக்காரனைப் படைத்தார். காட்டை நன்கறிந்த அவன், சட்டத்தையும் கடனையும் அறியாது அழிவதே அக்கதை.

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தைத் தொடர்ந்து, 1938இல் யாலவும் வில்பத்தும் தேசிய வனங்களாயின. 1949இல் வனவிலங்குத் திணைக்களம் உருவாயிற்று. இவை இல்லாதிருப்பின் புள்ளிமான் கூட்டங்களை இன்று காண்பது அரிதாகியிருக்கும். ஆனால் காப்பின் விலையை எல்லாரும் சமமாகச் செலுத்தவில்லை. 1983இல் மாதுறு ஓயாத் தேசிய வனம் பிரகடனப்படுத்தப்பட்டபோது, தம்பானை வேடரின் மூதாதையர் காடு அதனுள் அடங்கிற்று. பலர் குடியேற்றத் திட்டங்களுக்குச் சென்றனர். தலைவர் தீசகாமியோ காட்டை விட்டகல மறுத்தார். 1998இல் அவர் மறையும் வரை, தம் மக்களின் வேட்டையுரிமை பற்றிய வினாவும் அவரோடு நின்றது. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மானை அழிக்காது உண்டவர், மானைக் காக்கும் சட்டத்தினால் தம் நிலத்திலேயே குற்றவாளியாயினர்.

இன்று இலங்கையிலே மானைக் கொல்லுதல் குற்றமாகும். ஆயினும் திருட்டு வேட்டை ஒழிந்துவிடவில்லை. அதன் கருவி மாறியுள்ளது. விலங்கு செல்லும் வழியிலே கட்டிவைக்கப்படும் கட்டுத்துவக்கு, கம்பியில் கால் படுவது மானோ மனிதனோ என்று பார்ப்பதில்லை. விறகு பொறுக்கச் சென்றோரும் அதற்கு இரையாயினர், யானைகளும் காயமுற்றன. கம்பிச் சுருக்கும் அத்தகையதே. 2020ஆம் ஆண்டில் நல்லதண்ணிப் பகுதியிலே சுருக்கிற் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை ஒன்று பின்னர் உயிர்நீத்தது. அச்சுருக்கை வைத்தவன் எதிர்பார்த்தது அந்தச் சிறுத்தையை அன்று.

வில்லேந்திய வேடன் தன் இலக்கைக் கண்ணாற் கண்டான். எய்த அம்புக்குத் தானே பொறுப்பாயிருந்தான். ஒற்றை வெடித் துவக்கேந்திய கிராமத்தவனும் மானுக்கு முன்னே மூச்சடக்கி நின்றான். கட்டுத்துவக்கும் சுருக்கும் வைத்தவனோ வீட்டிலே உறங்குகின்றான். காற்றை அறிய வேண்டியதில்லை. தடத்தைப் படிக்க வேண்டியதில்லை. மந்தியின் மொழியும் வேண்டியதில்லை. அறிவு மறைந்த இடத்திலே அறமும் மறைந்தது.

வேட்டையை மீண்டும் வளர்த்தல் இக்காலத்துக்கு ஒவ்வாது. ஆனால் வேட்டைக்காரரின் அறிவு வீணாதல் கூடாது. தடம் பார்க்கவும் குரல் கேட்டுணரவும் வல்லவரே காட்டைக் காத்தற்கும் தக்கவர். காட்டோரக் கிராமங்களிலே அவ்வறிவுடைய முதியோர் இன்னும் எஞ்சியுள்ளனர். அவர்கள் மறையுமுன் அதனைக் கேட்டறிந்து, எழுதிவைத்து, வனக்காவலுக்குப் பயன்படுத்துதல் இன்றைய தலைமுறையின் கடமையாகும். மிகிந்தலையிலே நாணைத் தெறித்த மன்னன் மானுக்கு அளித்த வாய்ப்பை, இன்று மானுக்கும் அதனை அறிந்த மனிதனுக்கும் ஒருங்கே அளித்தல் தகும்.