வலி என்னும் குணம்

மிடுக்கான நடை, வீச்சுள்ள எழுத்து, வேகமான மொழி என்றெல்லாம் இன்றைய திறனாய்வில் எழுதுகிறோம். இவற்றுக்கு மூத்த கலைச்சொல் ஒன்று நம் அணியிலக்கணத்தில் உண்டு: வலி. தண்டியலங்காரம் செய்யுளின் பத்துக் குணங்களுள் அதனையும் வைத்து எண்ணுகிறது. காவியாதரிசத்தில் தண்டி 'ஓஜஸ்' என்றதன் தமிழ்வடிவம் இது. தொகைச்சொற்கள் மிகுந்து வருவதே வலி. உரைநடைக்கு அதுவே உயிர் என்றும் வடமொழித் தண்டி கூறினார். நடையின் ஆற்றலைச் சொற்புணர்ப்பிலேயே தேடியிருக்கிறார்கள்.

மனத்தின் ஆற்றலுக்கு வேறு சொற்கள் இருந்தன. திருக்குறளின் 60ஆம் அதிகாரம் ஊக்கமுடைமை. அங்கு வரும் 'உள்ளம்' என்பதற்கும் ஊக்கம் என்றே பரிமேலழகர் பொருள் கொள்வார். பரதரின் நாட்டிய சாத்திரம் வீரச்சுவைக்கு நிலைக்களனாகக் கூறிய 'உத்ஸாஹம்' தமிழில் உற்சாகமாகி, இன்று ஏறக்குறைய மகிழ்ச்சியின் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறது.

வலியின் கதை இன்னும் விந்தையானது. குறளின் 'வலியறிதல்' வலிமையைப் பேசுவது. இன்றோ 'வலி மிகுந்த கவிதை' என்றால் துயர் மிகுந்த கவிதை என்றே வாசகர் கொள்வர். கலைச்சொல் ஒன்று நம் கையைவிட்டுப் போயிற்று.

ஆயினும் அந்த வரையறையை அப்படியே மீட்க நமக்கு மனமில்லை. 1912இல் முதற்பாகம் வெளிவந்த பாரதியின் 'பாஞ்சாலி சபதம்' எளிய சொற்களை நாடியது. தண்டியின் அளவுகோலில் அதற்கு வலி குறைவு. அதன் சபதப் பகுதியை வாய்விட்டுப் படித்தவர் எவரும் இதை ஒப்பமாட்டார்.