கோபுரம் பொறித்த வெள்ளி நாணயம்

திருவண்ணாமலைக்குச் செல்வோர் கண்ணில் முதலில் படுவது 11 நிலைகளும் 217 அடி உயரமும் உடைய கிழக்குக் கோபுரம். இத்தகைய கோயில்களை ஐரோப்பியர் 'பகோடா' என்றனர். நமது வராகன் நாணயத்தையும் அப்பெயராலேயே வழங்கினர்.

1801-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆற்காட்டு நவாபிடமிருந்து கர்நாடகப் பகுதியின் ஆட்சியைப் பெற்றது. திருவண்ணாமலையும் அதனுள் அடங்கிற்று. 1808-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை நாணயச்சாலை வெள்ளியில் அரை வராகனும் கால் வராகனும் அச்சிட்டது. ஸ்பானிய டாலர்கள் இதற்குப் பயன்பட்டன. சில நாணயங்களில் பழைய அச்சின் சுவடு இன்றும் தெரிகின்றது. அரை வராகனின் எடை ஏறத்தாழ 21 கிராம். ஒருபுறம் விண்மீன்கள் சூழ்ந்த கோபுரம். அதைச் சுற்றி ஆங்கிலமும் பாரசீகமும். மறுபுறம் தாமரையினின்று எழும் திருமால். சுற்றிலும் தமிழும் தெலுங்கும்.

கிறிஸ்தவ நாட்டு வணிகர் திருமாலைப் பொறித்தது பக்தியினால் அன்று. மக்கள் பழகிய உருவமே கடைவீதியில் நம்பிக்கையைப் பெறும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். 1817-ஆம் ஆண்டின் 7-ஆம் ஒழுங்குமுறைச் சட்டத்தால் கோயில் சொத்துகளின் மேற்பார்வையையும் கம்பெனி ஏற்றது. இத்தகைய தொடர்பை எதிர்த்து 1836-இல் சென்னைக் குருமாரும் விசுவாசிகளும் விண்ணப்பம் எழுதினர். பேராயர் கோரி அதற்குத் துணைநின்றார். படைத்தலைவர் மெயிட்லண்டு 1838-இல் இதன் பொருட்டே பதவி துறந்தார்.

ஆயினும் நாணயத்தின் கதை வேறு வழியில் முடிந்தது. 1818-இல் வராகன் முறை நீங்கி ரூபாய் முறை வந்தது. 1835-இல் நான்காம் வில்லியம் மன்னரின் தலை நாணயத்தில் ஏறிற்று. கோபுரம் மறைந்தது, அதனுடன் தமிழெழுத்தும் மறைந்தது. தெய்வ உருவம் போய் அரசன் உருவம் வந்ததை மெய்வழிபாட்டின் வெற்றி என நாம் கொள்ள இயலுமா? ஆண்டவர் வரிப்பணத்தைக் காட்டச் சொல்லி, அதிலுள்ள உருவம் யாருடையது என வினவியபோது, அங்கிருந்ததும் ஓர் அரசனின் தலையே அன்றோ?

இன்று நம் ஆலயங்களில் குத்துவிளக்கும் தாமரையும் கோபுர வடிவமும் இடம்பெறுகின்றன. அதனை நாம் குறைகூறவில்லை. ஆனால் மக்களின் வடிவங்களைக் கடன் வாங்கி, அவர்தம் வாழ்வில் பங்கு கொள்ளாதிருப்போமாயின், நாமும் கம்பெனியின் நாணயத்தையே அச்சிடுகின்றோம். கடவுளின் சாயல் பொறிக்கப்பட்டிருப்பது மனிதரில். அவர்களையே நாம் அவருக்குச் செலுத்தக் கடமைப்பட்டிருக்கின்றோம்.