கன்ஸ்மோக் (அமெரிக்க வானொலி நாடகத் தொடர்)

கன்ஸ்மோக், அமெரிக்காவின் சி.பி.எஸ். வானொலியில் 1952 ஏப்ரல் 26 முதல் 1961 ஜூன் 18 வரை ஒலிபரப்பான அரைமணி நேர நாடகத் தொடர். கான்சஸ் மாநிலத்தின் டாட்ஜ் சிட்டியில், 1870களில், கூட்டாட்சி அரசின் மார்ஷலாக இருக்கும் மேட் டில்லன் கொலைகாரர்களையும் கொள்ளையர்களையும் தேடிப் பிடிப்பதே கதைக்களம். நார்மன் மெக்டானல் தயாரித்து இயக்கினார்; பெரும்பாலான கதைகளை ஜான் மெஸ்டன் எழுதினார். டில்லனாக வில்லியம் கான்ராட், உதவியாள் செஸ்டராகப் பார்லி பேர், மருத்துவராக ஹோவர்ட் மெக்நியர், சலூன் எனப்படும் மதுக்கூடத்துப் பெண் கிட்டியாக ஜார்ஜியா எல்லிஸ் ஆகியோர் குரல் கொடுத்தனர். சுமார் 480 நாடகங்கள் ஒலிபரப்பாயின. சிறுவர்களுக்கான சரக்காக இருந்த கௌபாய் கதையைப் பெரியவர்களுக்கு உரியதாக்கிய தொடர் என்று இதைப் புகழ்வது வழக்கம். அந்தப் பாராட்டு பெரும்பாலும் மெஸ்டனின் கதைக்கருவுக்கே போய்விடுகிறது. ஒலிக்குச் சேர வேண்டிய பங்கைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. துப்பாக்கிச் சண்டை கண்ணுக்குத்தான் விருந்து. காதுக்கு அது ஒரே நொடியில் முடிந்துபோகும் வெடிச்சத்தம். வானொலியில் நாடகமாக்க மிஞ்சுவது சுடுவதற்கு முந்தைய காத்திருப்பும், சுட்ட பிறகு வரும் நேரமும்தான். அந்த நேரத்தில்தான் சட்டத்தின் காவலன் தான் செய்ததைப் பற்றி யோசித்தாக வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டாயத்தைக் குறையாக நினைக்காமல் முதலாக்கிக்கொண்டதுதான் கன்ஸ்மோக்கின் தனித்தன்மை.

இதற்கு முன்னோடியும் எதிர்முனையும் 'தி லோன் ரேஞ்சர்'. டெட்ராய்ட் நகரின் டபிள்யூ.எக்ஸ்.ஒய்.இஸட். நிலையத்தில் 1933 ஜனவரி இறுதியில் தொடங்கியது; உரிமையாளர் ஜார்ஜ் டிரெண்டில், எழுத்தாளர் ஃபிரான் ஸ்ட்ரைக்கர். முகமூடி, வெள்ளித் தோட்டா, வெள்ளைக் குதிரை, கொல்வதற்காகச் சுடக்கூடாது என்ற விதி, ரோசினியின் 'வில்லியம் டெல்' முன்னிசை என எல்லாமே கேட்டவுடன் அடையாளம் தெரியும்படி அமைந்தவை. ஒரு கணம்கூடச் சும்மா விடமாட்டார்கள்; இசை ஓய்ந்தால் கதைசொல்லியின் குரல், அது ஓய்ந்தால் குளம்பொலி. குரலே உடலாக இருக்கும் ஊடகம் இது என்பதும் அந்தத் தொடரில்தான் தற்செயலாக அப்பட்டமாகத் தெரிந்தது. 1941 ஏப்ரலில் நாயகனுக்குக் குரல் கொடுத்த ஏர்ல் கிரேசர் கார் விபத்தில் இறந்துபோனார். குரலைச் சட்டென்று மாற்றினால் சிறுவர்கள் ஏற்கமாட்டார்கள். ஆகவே நாயகன் படுகாயமடைந்து முனகவும் முணுமுணுக்கவும் மட்டுமே முடிகிற நிலையில் இருப்பதாகச் சில நாடகங்களை ஒப்பேற்றினார்கள். தோழன் டோன்டோ கதையைத் தாங்கினான். நாயகன் தேறி வந்தபோது அவன் பேசியது பிரேஸ் பீமரின் கனத்த குரலில். 1954 வரை அவர்தான் லோன் ரேஞ்சர்.

கன்ஸ்மோக்கின் விதை இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. ரேமண்ட் சாண்ட்லரின் துப்பறிவாளர் பிலிப் மார்லோவின் கதைகளைச் சி.பி.எஸ். நாடகமாக்கி வந்தது, அதை இயக்கியவரும் மெக்டானல்தான். நிறுவனத் தலைவர் வில்லியம் பேலி, மேற்குப் பகுதிக்கும் ஒரு மார்லோ வேண்டும் என்று கேட்டதாகச் சொல்வார்கள். 1949இலேயே வெள்ளோட்ட நாடகம் பதிவானது. தொடராக வளர மூன்று ஆண்டு பிடித்தது. மார்லோவிடமிருந்து டில்லனுக்கு வந்த சொத்து, களைத்த மனிதன் தன்னோடு பேசிக்கொள்ளும் தொனி. தொடரின் முகப்பிலும் ஒரு வெடிச்சத்தம் உண்டுதான். ஆனால் அடுத்து வரும் டில்லனின் குரல் வீரம் பேசாது. இந்த வேலை ஒருவனை எச்சரிக்கைக்காரனாக்கும், கொஞ்சம் தனியனாகவும் ஆக்கும் என்று ஒப்புக்கொள்ளும். ரே கெம்பர், டாம் ஹேன்லி, பில் ஜேம்ஸ் ஆகிய ஒலிக்கலைஞர்களின் வேலை அந்தத் தனிமைக்கு உருவம் தந்தது. கொட்டாங்கச்சியைத் தட்டிக் குதிரை ஓட்டுவது எந்த நாட்டு வானொலி நிலையமும் அறிந்த வித்தை. இவர்கள் அதற்கு மேலே போனார்கள். ஒருவன் தெருவைக் கடந்தால் மண்ணில் காலடி, மரநடைபாதையில் ஏறும்போது பலகையில் பூட்ஸின் கனம், குதிகாலில் மாட்டிய ஸ்பரின் கிணுகிணுப்பு, பிறகு கதவு. ஒவ்வோர் எட்டும் அதற்குரிய நேரத்தை எடுத்துக்கொள்ளும். வசனம் இல்லாமல் பல நொடிகள் ஓடும். எங்கோ தொலைவில் ஒரு நாய் குரைக்கும். பேச்சு நின்றால் நேயர் வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடுவார் என்று அஞ்சிய தொழிலில் இது துணிச்சல்.

1952 டிசம்பரில் ஒலிபரப்பான 'தி கேபின்' நாடகத்தைக் கூர்ந்து கவனித்தால் வாதம் தெளிவாகும். பனிப்புயலில் சிக்கிய டில்லன் ஒரு மரக்குடிசையில் ஒதுங்குகிறார். உள்ளே இரண்டு கொள்ளையர்கள். ஓர் இளம்பெண்ணின் தந்தையைக் கொன்றுவிட்டு அவளை அடைத்து வைத்திருக்கிறார்கள். மார்ஷல் அவர்களைத் தேடிப் போகவே இல்லை, புயல்தான் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இருவரையும் கொன்றுவிடுகிறார். லோன் ரேஞ்சராக இருந்தால் இங்கே முன்னிசை எழும்பி, குதிரை கிளம்பியிருக்கும். மெஸ்டன் நாடகத்தை இந்த இடத்தில் முடிக்கவில்லை. அந்தப் பெண் இனி எங்கே போவாள், எப்படி வாழ்வாள் என்ற பேச்சுதான் உச்சக்கட்டம். அவள் நினைக்கும் வழி கேட்பவருக்கு உவப்பானதல்ல. அதைத் தடுக்க டில்லனிடம் பதிலும் இல்லை. குற்றவாளி செத்தான், குற்றம் தீரவில்லை. இரண்டு குரல்கள் மட்டும் இருக்கிற இடத்தில் இந்த உரையாடலிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொள்ள வேறு காட்சியே கிடையாது.

ஊடகம்தான் காரணம் என்றால் லோன் ரேஞ்சரும் வானொலிதானே, அதற்கு ஏன் இந்த முதிர்ச்சி வரவில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒலி ஒரு வாய்ப்பைத் தந்தது. அதை எடுத்துக்கொள்ளச் சூழலும் இடம் தர வேண்டியிருந்தது. லோன் ரேஞ்சர் வாரம் மூன்று மாலைகளில் சிறுவர்களுக்காக வந்தது. கன்ஸ்மோக் பிறந்ததே சனிக்கிழமை இரவில், தொடக்கத்தில் விளம்பரதாரர் இல்லாமல். முகம் சுளிக்க ஆளில்லாத அந்தக் காலத்தில்தான் அதன் குணம் உறுதிப்பட்டது. இதே காலத்துத் தொடரான 'டேல்ஸ் ஆஃப் தி டெக்சஸ் ரேஞ்சர்ஸ்' இன்னொரு சான்று. என்.பி.சி.யில் 1950 முதல் 1952 வரை ஜோயல் மெக்ரே நடித்தது. டெக்சஸ் மாநிலக் காவல் படையான ரேஞ்சர்ஸின் கேப்டன் மானுவல் கொன்சாலஸ் ஆலோசகர். உண்மை வழக்குகள், தோட்டா ஆய்வு, டயர்த் தடம், காருக்குப் பின்னால் வண்டியில் ஏற்றிப்போகும் குதிரை என்று விவரம் எல்லாம் கச்சிதம். ஆனால் கடைசியில் குற்றவாளிக்குக் கிடைத்த தண்டனையை அறிவித்ததும் கணக்கு முடிந்துவிடும். துப்புத் துலக்குவதில் அது கன்ஸ்மோக்கைவிடக் கெட்டி; மனித மனத்தைத் துலக்குவதில் அதற்கு அக்கறை இல்லை.

வரலாற்றாசிரியர்களின் ஆட்சேபம் இதைவிடக் கடுமையானது. ராபர்ட் டிக்ஸ்ட்ரா 1968இல் வெளியிட்ட ஆய்வின்படி, டாட்ஜ் சிட்டி உட்படக் கான்சஸின் ஐந்து மாட்டுச் சந்தை ஊர்களில் 1870 முதல் 1885 வரை நடந்த கொலைகள் மொத்தமே 45. டில்லனின் டாட்ஜ் இந்தக் கணக்கைச் சில பருவங்களிலேயே தாண்டிவிடும். நிஜ ஊரில் நகர மார்ஷல், துணை மார்ஷல், மாவட்ட ஷெரிஃப் எனப் பலர் இருந்தார்கள். ஊருக்குள் துப்பாக்கி எடுத்து வரத் தடையும் இருந்தது. ஒற்றை மனிதன் தோளில் சட்டம் நின்றது என்பது கற்பனை. மாடோட்டிகளில் கணிசமானோர் கறுப்பினத்தவரும் மெக்சிகோவினரும். அந்தக் குரல்களும் இந்த ஒலிபரப்பில் அரிது. இவை எல்லாம் உண்மை. கன்ஸ்மோக்கை 1870களின் ஆவணமாகக் கொள்ள முடியாது. என்றாலும் சாவுகளின் எண்ணிக்கையை ஊதிப் பெருக்கிய அதே தொடர், ஒவ்வொரு சாவுக்கும் ஒரு கனத்தைக் கொடுத்தது. கொன்ற கை பெருமைப்படுவதை அது அநேகமாக அனுமதித்ததில்லை. கலையாக அதை மதிப்பிட வேண்டிய இடம் இது.

தொலைக்காட்சிதான் கடைசி உரைகல். 1955 செப்டம்பரில் சி.பி.எஸ். தொடரைத் திரைக்குக் கொண்டுபோனது. முதல் ஆண்டுகளில் மெஸ்டனின் வானொலிக் கதைகளே பெரிதும் பயன்பட்டன. அப்படியானால் காதுக்கென்று தனிச் சிறப்பு என்ன என்று கேட்பவர்கள், கதை மாறாதபோதும் எவை மாறின என்று பார்க்க வேண்டும். குரலால் டில்லனை உருவாக்கிய கான்ராட் பருத்த உடம்புக்காரர். திரை வேடம் ஆறடி ஏழங்குல ஜேம்ஸ் ஆர்னெஸுக்குப் போனது. முகப்பில் நடுத்தெரு நேருக்கு நேர் சண்டை வந்து அமர்ந்தது. சலூனில் கிட்டியின் பிழைப்பு என்ன என்பது வானொலி நேயருக்குச் சொல்லாமலே புரியும். திரையில் அவள் நாளடைவில் சலூனின் கௌரவமான உரிமையாளர் ஆனாள். தொலைக்காட்சித் தொடர் 635 நாடகங்களோடு 1975 வரை ஓடியது. வானொலிக் குழு அதற்குப் பக்கத்திலேயே ஆறு ஆண்டுகள், கான்ராடின் குரலோடு, தன் நிதானத்தை விட்டுக்கொடுக்காமல் வேலை செய்தது.