மெர்போக் மலைக்கோயில்: நாம் ஏறிப் பார்க்க வேண்டிய வரலாறு

 

பத்துமலைக்கும் பினாங்கு தண்ணீர்மலைக்கும் வருஷா வருஷம் படி ஏறுகிறோம். சுங்கை பட்டாணி, பீடோங் பக்கம் இருக்கிற நமக்குப் பக்கத்திலேயே, மெர்போக்கில், ஏறக்குறைய ஆயிரம் வருஷப் பழமையான கோயில் ஒன்று காட்டுக்குள்ளே இருக்கு. அங்கே போனவங்க நம்மில் எத்தனை பேர்?

ஜெராய் மலையின் தெற்குச் சரிவில், பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குப் பின்னாடி மேலே போகிற பாதைதான். தூரம் கொஞ்சம், ஏற்றம் அதிகம். ஓடைச் சத்தம் கேட்டுக்கிட்டே ஏறலாம். மழை பெய்திருந்தால் கல் வழுக்கும், நல்ல சப்பாத்து போட்டுக்கொள்ளுங்கள்.

மேலே இருப்பது சண்டி புக்கிட் பத்து பஹாட். 'பத்து பஹாட்' என்றால் உளியால் செதுக்கிய கல். மலைக்கல்லைச் செதுக்கி அடுக்கிக் கட்டியிருக்காங்க. கருவறை உண்டு, அதற்கு முன்னே மண்டபம் உண்டு. மண்டபத்தில் தூண்களைக் காணோம், தூண் நின்ற கல் பீடங்கள் மட்டும் இருக்கு. தூணும் கூரையும் மரம், அதனால் மக்கிப் போச்சு. கல் நின்றது.

1936-37-ல் குவாரிச் வேல்ஸ், அவர் மனைவி டோரதி இருவரும் இங்கே ஆய்வு செய்தார்கள். சிவன் கோயில் என்று கருதினார்கள். பிறகு அலஸ்டேர் லேம்ப் குழுவினர் கற்களை மீண்டும் அடுக்கி 1960-ல் முடித்தார்கள். அருங்காட்சியக வளாகத்தில் வேறு சண்டிகளும் இருக்கு. அவை வேறு இடத்திலிருந்து கொண்டுவந்தவை. இது மட்டும் கட்டின இடத்திலேயே நிற்கிறது.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறோம். ராஜேந்திர சோழன் 1025-ல் கடாரத்தை வென்றது தஞ்சைக் கல்வெட்டில் இருக்கு. ஆனால் இந்தக் கோயிலை அவர் கட்டினார் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. அதனால் நமக்குக் குறைச்சல் ஒன்றும் இல்லை. சண்டைக்கு முன்னாடியே உறவு இருந்தது. கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய புத்த விகாரத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் ஊரையே கொடுத்தார். கப்பலும் வியாபாரமும் வந்த கரை இது. சாமியும் அப்படி வந்திருக்கலாம்.

பிறகு வியாபாரம் வேறு துறைமுகங்களுக்குப் போச்சு. விளக்கேற்ற ஆள் இல்லை, காடு மூடிக்கொண்டது. இடித்ததும் உண்டு: சுங்கை பத்து பக்கம் இருந்த 11-ஆம் எண் சண்டி, நிலம் மேம்பாட்டுக்காக இடிக்கப்பட்டது 2013-ல் நாடு முழுக்கப் பேச்சானது.

இதை நாம் யோசிக்கணும். கெடா தோட்டங்களில் பால்மரம் வெட்டின நம்ம பாட்டன் பாட்டி வைத்த கோயில்கள் எத்தனை! தோட்டம் துண்டாடப்பட்டு, லயம் காலியாகி, சாமி மட்டும் தனியாக நிற்கும் இடங்கள் இருக்கு. ஆயிரம் வருஷக் கல்லுக்கே அந்தக் கதி என்றால், பலகையும் தகரமும் எத்தனை நாள் தாங்கும்?

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு ஏறுங்கள். அங்கே கற்பூரம் கொளுத்தாதீர்கள், கல் மேல் ஏறாதீர்கள், குப்பையைக் கையோடு எடுத்து வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் பெரியவங்களிடம் கேளுங்கள்: நம்ம தோட்டக் கோயிலை எந்த வருஷம் கட்டினாங்க, முதல் பூசாரி யார், நிலம் யார் பேரில் இருக்கு? எழுதி வையுங்கள், படம் எடுத்து வையுங்கள்.

கோயிலைக் காப்பது கல் இல்லை, போய் வருகிற கால்கள்தான்.

ஓம் நமசிவாய.