‘ஆர்டர்’ என்னும் சொல்லின் வரலாறு

மணியார்டர், கோர்ட்டு ஆர்டர், கடைக்காரரிடம் கொடுக்கும் ஆர்டர் எனப் பலவிடங்களிலும் நாம் வழங்கும் சொல் ஒன்றே. அதனைத் தமிழில் பெயர்க்கப் புகுந்தால் வரிசை, ஒழுங்கு, முறை, ஆணை என நான்கு சொற்களாவது வேண்டியிருக்கிறது. இத்தனை பொருள்களும் ஒரே சொல்லில் குடிபுகுந்தது எவ்வாறு?

அதன் தாய், இலத்தீன் மொழியிலுள்ள ‘ஓர்டோ’. தறியிலே ஒழுங்குபட நிற்கும் இழைவரிசையையே அது முதலிற் குறித்தது என்பர் சொல்லாராய்ச்சியாளர். நெய்யத் தொடங்குதலைக் குறிக்கும் இலத்தீன் வினைச்சொல்லும் அதற்கு உறவே. உரோமானியர் படைவீரரின் அணிவரிசையையும் அச்சொல்லால் அழைத்தனர்; செனட்டர், குதிரைவீரர் என்னும் சமூக வகுப்புகளுக்கும் அதனையே பெயராக்கினர். முறைப்படி வருவது என்னும் பொருளில் அதனின்று கிளைத்ததே நாம் பஸ்ஸிலும் வழங்கும் ‘ஆர்டினரி’.

பிரெஞ்சு மொழி வாயிலாக 13-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தை அடைந்தபோது, ஒரே விதிக்கு உட்பட்டு வாழும் துறவியர் கூட்டத்தை அச்சொல் குறித்தது. கட்டளை என்னும் பொருள் 16-ஆம் நூற்றாண்டிலேதான் தோன்றிற்று. வரிசையை அமைப்பவனே ஏவுபவனும் ஆனான்.

ஆணையைப் பெறுவோருக்கு அதில் பங்குண்டா என்ற கேள்வி இங்கே எழுகிறது. இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் இதற்கு ஒரு விடை கிடைத்தது. 1946-இல் இயற்றப்பெற்ற நிலையாணைச் சட்டம், வேலைநேரம், விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை முதலியவற்றைப் பெரிய தொழிலகங்களின் முதலாளிகள் எழுத்தில் வரையறுக்க வேண்டும் என்றது. தொழிலாளர் தரப்பின் ஆட்சேபங்களைக் கேட்ட பின்னரே அதிகாரி அவற்றுக்குச் சான்றளித்தார். அவ்வாணைகளை ஆங்கிலத்திலும், தொழிலாளரிற் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் வாயிலருகே பலகையில் ஒட்டவேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது.

ஆயினும் வேற்று மாநிலத்து ஆலையில் தமிழர் சிறுபான்மையாயின், அப்பலகையில் தமிழ் இடம்பெறும் என்ற உறுதியில்லை. தமக்குரிய உரிமையை அறிய, அவ்வூர் மொழியைக் கற்றாக வேண்டும். அன்றேல் கற்றவரைக் கேட்டாக வேண்டும். வாசிக்க இயலாத ஆணை, கேட்போருக்கு வெறும் ஏவலே. வாசித்துப் பொருளறிந்து, தவறெனில் எடுத்துரைக்கவும் இயன்றாலன்றோ அது ஒழுங்கு என்னும் பழம்பொருளுக்கு உரியதாகும்! தறியிலே ஓர் இழை நெகிழ்ந்தாலும் துணியிலே அதன் குறை தெரியும். சொல் பிறந்த இடத்தை ஆணையிடுவோர் மறவாதிருத்தல் நன்று.