சேர்வராயன் மலைமேல் ஒரு பாராசூட் கணக்கு

ரயில் வரலாறு படிப்பவர்களுக்கு எவரார்ட் கால்த்ராப் என்ற பெயர் தெரிந்திருக்கும். மராட்டியத்தில் 1897-இல் ஓடத் தொடங்கிய பார்சி லைட் ரயில்வேயை இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் அமைத்த ஆங்கிலேயப் பொறியாளர் அவர். எனக்கு அவர் முதலில் பாராசூட்காரர். விமானப்படையில் பாராசூட் மடிக்கும் பிரிவில் காலம் தள்ளிவிட்டு, பிறந்த ஊரான ஏற்காட்டுக்குத் திரும்பியவன் நான். அதனால் என் கண்ணுக்கு அப்படித்தான் தெரிவார்.

ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியின் சார்லஸ் ரோல்ஸ் 1910 ஜூலையில் விமானம் உடைந்து விழுந்து இறந்துபோனார். கால்த்ராபுக்கு அவர் நண்பர். அதற்குப் பிறகு கால்த்ராப் விமானிக்கான பாராசூட் செய்வதில் இறங்கினார். அதற்கு ‘கார்டியன் ஏஞ்சல்’ என்று பெயர் வைத்தார். முதல் உலகப்போர் வந்தது. பலூனில் தொங்கி எதிரியைக் கண்காணித்தவர்களுக்குப் பிரிட்டிஷ் ராணுவம் பாராசூட் கொடுத்தது. விமானிகளுக்குக் கொடுக்கவில்லை. எடை கூடும், இடம் அடைக்கும் என்றார்கள். இன்னொரு எண்ணமும் மேலதிகாரிகளிடம் இருந்தது: தப்பிக்க வழி இருந்தால் விமானி விமானத்தைச் சீக்கிரமே கைவிட்டுவிடுவான்.

கல்கத்தாவில் பிறந்த இந்திரலால் ராய், 1918 ஜூலை 22 அன்று பிரான்ஸ் வானத்தில் சுட்டு வீழ்த்தப்பட்டபோது அவருக்கு வயது 19. இரண்டு வாரத்துக்குள் பத்து வெற்றிகள் பெற்ற விமானி. அவரிடம் பாராசூட் இல்லை. அதே ஆண்டில் ஜெர்மன் விமானிகள் பாராசூட்டோடு பறக்கத் தொடங்கியிருந்தார்கள். ராயின் விமானத்தில் பாராசூட் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பையனுக்கு அந்த வாய்ப்பே மறுக்கப்பட்டது. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மடிக்கும் அறையை நேரில் பார்த்தவர்கள் குறைவு என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். நீளமான, வழவழப்பான மேசை. மோதிரமும் கைக்கடிகாரமும் வெளியிலேயே கழற்றி வைக்கவேண்டும். நைலான் துணியின் ஒரு இழை அவற்றில் மாட்டினால் போதும், துணி பழுதாகிவிடும். பாராசூட் முதலில் உயரமான கூண்டில் தொங்கிக் காயும். பிறகு மேசைக்கு வரும். நாங்கள் மடித்ததில் 28 கயிறுகள், 28 துணிப் பட்டைகள். ஒவ்வொரு கயிறும் அதன் வரிசையில் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்போம். மடிப்பு நழுவாமல் இருக்க ஈயக்குண்டு நிரப்பிய சிறு பைகளை மேலே வைப்போம். பாராசூட் பையை மூடும் முன் அந்தக் குண்டுப் பைகளையும் கருவிகளையும் எண்ணியாகவேண்டும். ஒன்று குறைந்தால் முழுவதையும் பிரிக்கவேண்டும். கடைசியில் பாராசூட்டின் பதிவு அட்டையில் கையெழுத்து. கான்பூரில் 1941 முதல் பாராசூட் தொழிற்சாலை இருக்கிறது, ஆக்ராவில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆனால் அட்டையில் நிற்பது மடித்தவனின் பெயர்தான்.

அது ஆளுக்கான பாராசூட். விமானத்தையே தொங்கவிடும் பாராசூட் வேறு கதை. 1975-இல் அமெரிக்காவில் போரிஸ் போபோவ் என்பவர் ஹேங் கிளைடர் உடைந்து நானூறு அடி உயரத்திலிருந்து ஏரியில் விழுந்தார், பிழைத்தார். 1980-இல் அவர் தொடங்கிய கம்பெனி, ராக்கெட் இழுத்து விரிக்கும் பாராசூட்டைச் சிறு விமானங்களுக்குச் செய்தது. சிறு விமானங்கள் செய்யும் சிர்ரஸ் கம்பெனியை நடத்திய ஆலன் கிளாப்மையர், 1985-இல் நடுவானில் இன்னொரு விமானத்தோடு மோதி உயிர் தப்பியவர். சிர்ரஸ் செய்த எஸ்ஆர்20 விமானம் 1998-இல் சான்று பெற்றபோது பாராசூட் அதிலேயே பொருத்தப்பட்டிருந்தது.

அது வேலை செய்யும் விதம் எனக்குப் பிடிக்கும். கூரையில் இருக்கும் சிவப்புக் கைப்பிடியை இழுத்தால் ராக்கெட் பின்பக்கம் பாய்ந்து துணியை இழுத்துக்கொண்டு போகும். கயிறுகளின் மேல் ஒரு வளையம் மெதுவாக இறங்கி, குடை ஒரே வெடிப்பாக விரியாமல் தடுக்கும். விமானத்தின் தோலுக்கு அடியில் பதித்த பட்டைகள் கிழித்துக்கொண்டு வெளியே வரும். தரையைத் தொடும் வேகம் ஏறக்குறைய நான்கு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அந்த அடியைச் சக்கரங்களும் இருக்கைகளும் வாங்கிக்கொள்ளும். 2002 அக்டோபரில் டெக்ஸாஸில் இறக்கையின் ஒரு பகுதி கழன்ற விமானத்தில் இருந்த விமானிதான் சிர்ரஸ் விமானங்களில் இப்படி முதலில் தப்பித்தவர்.

ஆனால் அடுத்த சில ஆண்டுகளின் பதிவுகள் வருத்தம் தருபவை. பாராசூட் இருந்தும் அந்த விமானங்களின் உயிர்ப்பலி மற்ற சிறு விமானங்களைவிடப் பெரிதாகக் குறையவில்லை. கைப்பிடி தலைக்கு மேலேயே இருக்க, பலர் அதை இழுக்காமலே இறந்திருந்தார்கள். சிலர் உயரம் தீர்ந்தபின் இழுத்தார்கள். விமானத்தைக் காப்பாற்றிவிடலாம் என்று கடைசிவரை போராடியிருக்கிறார்கள். 2011 வாக்கில் பயிற்சியை மாற்றினார்கள்: முதலில் இழு, யோசனை பிறகு. அதன்பின் சாவு எண்ணிக்கை நன்றாகவே இறங்கியது. 1918-இல் மேலதிகாரிகள் பயந்தது விமானி சீக்கிரம் கைவிடுவான் என்று. பின்னால் வந்த பதிவு காட்டுவது நேர்மாறு. விமானி தாமதிப்பான்.

இப்போது எங்கள் மலைக்கு வருகிறேன். ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் ஆயிரம் அடி. கிழக்கே சேர்வராயன் கோயில் உச்சி 5,326 அடி. பயிற்சி விமானங்களின் சத்தம் ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்றால் கேட்கும். செஸ்னா 172 என்ற சிறு விமானம் எஞ்சின் நின்றால் உயரத்தைப்போல் ஒன்பது மடங்கு தூரம் மிதந்து போகும். ஓமலூர் வயலுக்கு மேல் நாலாயிரம் அடி உயரத்தில் இருப்பவனுக்குப் பத்துக் கிலோமீட்டர் தாண்டியும் இடம் தேடலாம். அதே விமானம் ஏற்காட்டின் மேல் வந்தால் தரைக்கும் அதற்கும் இடையே ஆயிரம் அடிகூட மிஞ்சாது. மூன்று கிலோமீட்டருக்குள் எங்கே இறங்குவான்? நாகலூர் பக்கம் காபித் தோட்டம், அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக்கொடி, சரிவு, பாறை. சமதளம் என்று சொன்னால் பள்ளிக்கூட மைதானமும் ஏரியும்தான்.

2025 நவம்பரில் சேலத்திலிருந்து கிளம்பிய ஒரு பயிற்சி செஸ்னா, பழுது ஏற்பட்டு, திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் கீரனூர் அருகே இறங்கியது. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். நல்ல விமானி, நல்ல சாலை. எங்கள் மலைச்சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். இங்கே எஞ்சின் நின்றால் பாராசூட்தான் வழி. விமானம் சில்வர் ஓக் மேல் உட்கார்ந்தாலும் ஆள் பிழைக்க இடம் உண்டு.

எல்லாவற்றுக்கும் பாராசூட் மருந்தல்ல என்பதையும் சொல்லவேண்டும். 1950 டிசம்பர் 13 அன்று ஏர் இந்தியாவின் டகோட்டா விமானம் ஒன்று நீலகிரியில் கோத்தகிரி அருகே ரங்கசாமி மலையில் மோதியது. ஒருவரும் பிழைக்கவில்லை. இறந்தவர்களில் ஒருவர் ஆபிரகாம் வால்டு. போரில் குண்டு துளைத்துத் திரும்பிய விமானங்களை மட்டும் பார்த்து முடிவெடுக்காதே, திரும்பாதவற்றையும் கணக்கில் கொள் என்று அமெரிக்கப் படைக்குக் கணக்குப் போட்டுக் காட்டிய அறிஞர். மேகத்துக்குள் மலை வந்தால் கைப்பிடியை இழுக்க நேரமே இருக்காது. 2021 டிசம்பரில் குன்னூர் அருகே தளபதி விபின் ராவத் சென்ற ஹெலிகாப்டரும் மேகத்துக்குள் நுழைந்த பின்தான் விழுந்தது என்று விசாரணை சொன்னது. ஏற்காட்டில் மழைக்காலத்தில் மேகம் ஐந்தே நிமிடத்தில் ஏறிவிடும். அந்த நாட்களில் மலைப்பக்கம் வராமல் இருப்பது ஒன்றே காப்பு. வால்டு சொன்ன வழியில் பார்த்தால், பாராசூட் விரித்துத் தப்பியவர்களின் கதையை மட்டும் கேட்டு நாம் முடிவு செய்யக்கூடாது. விரிக்காமல் போனவர்களையும், விரித்தும் பயனில்லாதவர்களையும் சேர்த்துத்தான் எண்ணவேண்டும். எண்ணிப் பார்த்த பிறகும் நான் பாராசூட் பக்கம்தான்.

எதிர்வாதத்தில் நியாயம் உண்டு. பழைய செஸ்னாவில் பாராசூட்டைப் பிற்பாடு பொருத்தினால் ஏறக்குறைய 36 கிலோ கூடும். பின்னால் சாமான் வைக்கும் இடம் போய்விடும். பத்து வருடத்துக்கு ஒருமுறை பிரித்து மடிக்கவேண்டும், ராக்கெட்டையும் மாற்றவேண்டும், செலவு சிறிதல்ல. ஆனால் ஜெர்மனியில் மிகச்சிறு விமானங்களுக்குப் பாராசூட்டைப் பல வருடங்களாகவே கட்டாயமாக்கியிருக்கிறார்கள். அதனால் அங்கே பறப்பவர்கள் பறப்பதை விட்டுவிடவில்லை. மடிக்கத் தெரிந்த கை நம் நாட்டில் இல்லையென்றும் யாரும் சொல்ல முடியாது.

பொருத்துவதென்றால் ஊர்க்காரர்களுக்கும் சொல்லியாகவேண்டும். இந்த மலையில் விமானம் விழுந்தால் முதலில் ஓடிப்போய் நிற்பவர்கள் தோட்டத்து ஆட்களும் மலைக்கிராமத்து இளைஞர்களும்தான். தீயணைப்பு வண்டி அடிவாரத்திலிருந்து வளைவு வளைவாக ஏறி வரவேண்டும். வெடிக்காத ராக்கெட் உள்ளே இருக்கும்போது கூரையை வெட்டினாலோ கைப்பிடிக் கம்பியை இழுத்தாலோ அது பாய்ந்து பக்கத்தில் நிற்பவரைக் கொன்றுவிடக்கூடும். ராக்கெட் எந்தப் பக்கம் வெளியேறும் என்று விமானத்தின் மேல் எச்சரிக்கைப் பட்டை ஒட்டியிருக்கும். அந்தப் பக்கம் போகாமல், பக்கவாட்டில் வந்து கதவைத் திறந்து ஆளை எடுங்கள். சிவப்புக் கைப்பிடியைத் தொடாதீர்கள்.